நிறம் ஒன்றுதானே

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் வலது முட்டியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், உன் மாமியாரின் காது எல்லாம் சௌக்கியமா? அந்தக் காதுக்குப் பயந்துதானே இந்தக் காலத்திலும் நான் பேனாவைத் திறந்து, உன் பள்ளிக்கூட ஆபீஸ் விலாசத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் செய்தால் "ஸ்பீக்கர்ல போடும்மா, நானும் கேக்கறேன்" என்கிறார். கேட்கலாம்தான். ஆனால் நான் பேச நினைப்பதே அவரைப் பற்றித்தானே.

உன் கொழுந்தன் என் சிபாரிசில் லேபில் சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. முப்பத்தாறு வயதுக்கு இவ்வளவு நரை எதற்கு என்று முதல் நாளே கேட்டேன். சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறானா, என் தலையைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான் சாயம் பூசுவது அவனுக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

எங்கள் வேலை என்ன என்று உன் வீட்டில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லு. உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பால் ஆன சவ்வு இருக்கிறது. நாங்கள் அதே போன்ற கொழுப்பால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் செய்து, உள்ளே மினுங்கும் சாயத்தை அடைக்கிறோம். சவ்வு இறுக்கமாக இருந்தால் சாயம் உள்ளேயே இருக்கும், தளர்ந்தால் கசியும். மக்காச்சோளத்துக்கு மஞ்சள் தருகிற நிறமியைச் சேர்த்தால் சவ்வு இறுகும் என்பது எங்கள் மேடத்தின் கட்சி. அந்த நிறமிக்கு வெளிச்சம் ஆகாது, வெளுத்துவிடும். அதனால் அந்த அறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். இருட்டு, குளிர்ச்சி, ஆள் நடமாட்டம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கே ஆராய்ச்சி செய்வது வழக்கம். ஆராய்ச்சி எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதைப் பியூன் குறட்டையை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறான்.

உன் கொழுந்தனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பாட்டிலை எடுத்தால் லேபிளைப் படிப்பான், மூடியைத் திறக்கும் முன் இன்னொரு தரம் படிப்பான். கதவைப் பூட்டிப் பத்தடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். ஆகவே 'ரெண்டுதரம்'. லேப் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆகஸ்டில் புதுக் கட்டடத்துக்குப் போகிறோம். அங்கே டெக்னீஷியன் ஒருவருக்குத்தான் இடமாம். இருபத்தாறு வருஷ ஆளா, எட்டு நாள் ஆளா என்று மேடம் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் யோசிக்கிறார்.

உன் தலைவலி எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்


ஜனவரி 30

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உங்கள் முட்டிக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை பேச்சிலேயே சரி செய்துவிடுகிறீர்களா?

தம்பி சேர்ந்த நாளிலிருந்து அத்தை எனக்குத்தான் முதல் டம்ளர் காபி கொடுக்கிறார். பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. முன்னே வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு தம்பி ஆறு வருஷம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது போனில் அவர் சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்கிறது. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார்.

என் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பட்டப்பெயர் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை விழுந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

தலைவலி குறைந்திருக்கிறது.

தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

நலம். முட்டியும் நலம், நேற்று அதற்கு நிறைய ஓட்டம். ஆபீசில் பக்கத்தில் யாரும் இல்லையென்றால் மட்டும் மேலே படி. படித்ததும் கிழித்துவிடு. நீ சிரிக்க வேண்டுமென்றே எழுதுகிறேன்.

ரெண்டுதரம் நேற்று முப்பது கண்ணாடிக் குழாய்களில் நிறமியை அளந்து ஊற்றி, நைட்ரஜன் வாயுவில் உலர்த்திக்கொண்டிருந்தான். மூன்று மாதச் சோதனைக்கு அந்த முப்பதுதான். பாதியில் வாயு தீரும் நிலைக்கு வந்துவிட்டது. குழாய்களை அலுமினியத் தாளால் மூடி, ஓரங்களைத் தடவி, மறுபடியும் தடவி, "பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேறு சிலிண்டர் வாங்க ஸ்டோருக்குப் போனான். அங்கே நாலு பாரம், ஐந்து கையெழுத்து. சாயங்காலம்தான் வருவான் என்று தெரிந்ததால் நான் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

விழித்துப் பார்த்தால் மூக்குக் கண்ணாடியைக் காணோம். வெள்ளை விளக்கைப் போட்டேன். மேஜைக்கு அடியில் தேடினேன், அலமாரி மேல் தேடினேன், அலுமினியத் தாளை எடுத்து உதறிப் பார்த்தேன். கண்ணாடி எங்கே இருந்தது தெரியுமா? என் தலையில். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே "அண்ணா, தலையில பாரு" என்று சொல்லிக் கொடுத்தாய். நான்தான் முன்னேறவில்லை.

கிடைத்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன். பியூனின் மைத்துனி புருஷனை விட்டுவிட்டு வந்த கதை மூன்று பாகம். இரண்டு பாகம் கேட்டு முடிப்பதற்குள் ஏறக்குறைய மூன்று மணி நேரம். திரும்பி வந்தால் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது, தாள் தரையில் கிடக்கிறது, முப்பது குழாயிலும் நிறமி பழைய காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

நெஞ்சு நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு என் இருபத்தாறு வருஷ மூளை வேலை செய்தது. சரியான பாட்டில் அவன் பூட்டு போட்ட பெட்டியில். ஆனால் சின்ன அலமாரியில் இன்னொரு பாட்டில் இருந்தது, வேறு பெயர், அதே ஆரஞ்சு. கழுவினேன், ஊற்றினேன். சிலிண்டர் அடியில் மிச்சமிருந்த காற்றில் உலர்த்தினேன், தாளைப் போர்த்தினேன், சிவப்பு விளக்குக்கு மாறினேன். அவன் வந்து குழாய்களை எண்ணினான், இரண்டு தரம். முப்பது சரியாக இருந்தது. புதுச் சிலிண்டரில் இன்னொரு தரம் உலர்த்தி, மூடி முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, உறைபெட்டியில் வைத்துவிட்டான்.

நிறம் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு. இந்தக் கதையைத் தவிர.

உன் அண்ணன்


மார்ச் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலம்தானே? உங்கள் கடிதத்தைப் படித்து ஆபீசில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா? அவர் கையெழுத்துப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னால் திரும்பச் செய்துவிடுவார். ஒரு நாள் வேலைதானே.

தங்கை


மே 20

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபமா? வெயில் என்று வைத்துக்கொள். முட்டி, இடுப்பு, இப்போது புதிதாகத் தூக்கமின்மை. சிவப்பு அறையில்கூடத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

இங்கே சின்னச் சங்கடம். போன வாரம் வெளியூரிலிருந்து நாலு நிபுணர்கள் வந்தார்கள். மேடம் அவர்கள் முன்னால் சோதனையைக் காட்டினார். நிறமி சேர்த்த குமிழி கசியாது, திரையில் கோடு தரையோடு படுத்திருக்கும் என்று சொல்லி வாய் மூடவில்லை, கோடு ஏணி வைத்து ஏறியது. நிறமி சேர்க்காத வெறும் குமிழியைவிட அதிகக் கசிவு. ஒரு நிபுணர் தன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போனதும் மேடம் எல்லோரையும் நிற்க வைத்துப் பலகையில் படம் போட்டார். சவ்வு என்பது இரண்டு அடுக்காம். நாங்கள் சேர்க்க வேண்டிய நிறமிக்கு இரண்டு முனையிலும் கை மாதிரி உண்டாம். ஒரு கையால் மேல் அடுக்கை, இன்னொரு கையால் கீழ் அடுக்கைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்கும். சவ்வு விறைத்துக்கொள்ளும். அதே நிறத்தில் இன்னொன்று உண்டு, கேரட்டில் இருப்பது. அதற்குக் கையே கிடையாது. எதையும் பிடிக்காமல் இரண்டு அடுக்குக்கும் நடுவே, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இஷ்டத்துக்குப் படுத்திருக்கும். சவ்வு தளர்ந்துபோகும். இருபத்தாறு வருஷமாக இரண்டு பாட்டிலையும் துடைத்து வைக்கிறவன் நான். எனக்கு இது தெரியாது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

"யாரு தயார் பண்ணினது?" என்றார் மேடம். ரெண்டுதரம் ஓரடி முன்னால் வந்து "நான்தான் மேடம்" என்றான். "பாட்டிலச் சரியாப் பாத்தீங்களா?" என்றார்.

"ரெண்டு தரம் பாத்தேன் மேடம்."

லேபே சிரித்துவிட்டது. சிரிப்பு என் பக்கமிருந்து தொடங்கியது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது என் இருமல் என்றுதான் நினைவு.

உன் தலைவலிக்கு டாக்டரைப் பார்.

உன் அண்ணன்


மே 27

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் நலம்.

மேடத்திடம் சொல்லிவிட்டீர்களா?

தங்கை


ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் எப்போதோ வந்தது. கட்டடம் மாறுகிற அமளியில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நீ அதில் ஏதோ கேட்டிருந்தாய்.

இதற்குள் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பான். மேடம் அநியாயக்காரர் இல்லை. ஒரு மாதம் தவணை கொடுத்து மறுபடி செய்யச் சொன்னார். அவன் உறைபெட்டியிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு தரமும் புதுக் கொழுப்பு, புதுத் தண்ணீர், புது சாயம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தான். குழாயில் உள்ளதை மட்டும் மாற்றவில்லை. அதைத்தான் தானே இரண்டு தரம் பார்த்தாயிற்றே. எல்லாம் கசிந்தது. கடைசி வாரம் பேசுவதையே விட்டுவிட்டான். மிச்சமிருந்த ஆறு குழாய்களைப் பெயர் எழுதி உறைபெட்டியின் அடியில் அடுக்கி வைத்தான். போகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு?

கிளம்பும் நாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். பத்தடி போனான், திரும்பி வந்து சாவி தொங்குகிறதா என்று பார்த்தான். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்னைச் சேத்து விட்ட உங்க பேரைக் கெடுத்துட்டேண்ணே" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் விடவில்லை. தோளில் தட்டி, "பரவாயில்ல தம்பி, மனுஷன்னா தப்பு வரும்" என்று சொல்லி அனுப்பினேன். பியூன்கூட, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றான்.

புதுக் கட்டடத்தில் எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலியாம். உட்கார்ந்தபடியே மேஜையிலிருந்து ஜன்னலுக்குப் போகலாம். முட்டிக்கு மிகவும் நல்லது.

உன் அண்ணன்


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் முட்டி நலமானதில் மகிழ்ச்சி.

தம்பி இப்போது முட்டைப் பண்ணையில் தரம் பார்க்கிறார். தட்டுக்கு ஒரு முட்டையை உடைத்து, மஞ்சள் கருவின் பக்கத்தில் பதினைந்து நிற அட்டைகள் கொண்ட விசிறி ஒன்றைப் பிடித்து, எந்த எண்ணோடு ஒத்துப்போகிறது என்று எழுத வேண்டும். கோழிக்கு மக்காச்சோளமும் நிறமியும் எவ்வளவு கொடுப்பது என்பதை அதை வைத்து முடிவு செய்வார்களாம். நாள் பூராவும் ஆரஞ்சு நிறத்தைப் பார்க்கிற வேலை. மற்றவர்கள் நாற்பது தட்டு முடிப்பதற்குள் இவர் ஒன்பது முடிக்கிறார். அதற்கே மேற்பார்வையாளர் கோழிகளைக் கூப்பிடுவது போல இவரைக் கூப்பிடுகிறாராம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே நிறத்தில் இரண்டு பட்டன்களை என்னிடம் கொடுத்து, "மாத்தி மாத்தி வைங்க அண்ணி, எது எதுன்னு நான் சொல்றேன்" என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். சரி என்று நான் சொன்னால் நம்புவதில்லை. "எனக்காகச் சொல்றீங்க" என்கிறார்.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்க அண்ணன் அவ்வளவு நம்பி வெச்சாரே, என் பிள்ளை இப்படிப் பண்ணிட்டானே" என்று என்னிடம்தான் மன்னிப்புக் கேட்கிறார். முதல் டம்ளர் காபி இன்னமும் எனக்குத்தான். வாங்கிக் குடிக்கிறேன்.

மார்ச் மாதக் கடிதத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. என் அண்ணன் என்பதால் விடவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று ஆறு மாதமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


அக்டோபர் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. தம்பிக்கு வேலை கிடைத்ததில் பரம சந்தோஷம். அதுவும் சொந்தத் துறையிலேயே! ரெண்டுதரம் இப்போது மூணுதரம் ஆகியிருப்பான், பதவி உயர்வுதான். கோழி எதிர்க்கேள்வி கேட்காது, நிபுணர் குழுவோடு வராது.

விஷயத்துக்கு வருகிறேன். உறைபெட்டியைப் புது இடத்துக்கு மாற்றும்போது அடியில் அந்த ஆறு குழாய்கள் கிடைத்துவிட்டன. மேடம் சும்மா இருக்காமல் அதில் ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு நிறமியையும் பிரித்துக் காட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறதாம். உள்ளே இருந்தது கை இல்லாத ஆசாமி என்று பதில் வந்துவிட்டது. பாட்டில் எப்படி மாறியது என்று இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார். என்னை இன்னும் கூப்பிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் அதுபாட்டுக்குக் கதவுப் பக்கம் நகர்கிறது.

ஒரே ஒரு உதவி. பாட்டிலை மாற்றி எடுத்தது தான்தான் என்று தம்பியிடம் நாலு வரி எழுதி வாங்கு. என் மூலமாக வந்தால் நன்றாக இருக்காது, நேரே மேடத்துக்குத் தபாலில் அனுப்பு. அவனுக்கு வேலை ஏற்கெனவே போய்விட்டது, இனி போவதற்கு என்ன இருக்கிறது? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் எந்தக் கோழி என்னைச் சேர்த்துக்கொள்ளும்? அம்மா போன பிறகு உன் தலையைப் பின்னி விட்டவன் நான். கோணலாகத்தான் பின்னினேன், ஆனாலும் பின்னினேன்.

அப்புறம், அந்த மார்ச் மாதக் கடிதம். நீ கிழிக்கவில்லை போலிருக்கிறது. அதை எனக்கே அனுப்பிவிடு. உன் கையால் கிழிக்க உனக்கு மனசு வராது.

உன் அண்ணன்


அக்டோபர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் உங்கள் மேடம் வீட்டுக்கே போன் செய்தார். அத்தை வழக்கம்போல ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான், என் வீட்டுக்காரர், அத்தை மூன்று பேரும் தம்பியைச் சுற்றி நின்றோம். "பாட்டில நீங்க மாத்தலைன்னா மாத்தலைன்னு சொல்லுங்க. உங்க எடம் இங்க இருக்கு" என்றார் மேடம். இதை நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

தம்பி போன் பக்கம் குனிந்தார். "எனக்குத் தெரியல மேடம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்கு மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்டதைத் தம்பியிடம் அப்படியே சொன்னேன். மாட்டேன் என்பார், சண்டை போடுவார், ஏன் என்று ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். பேனா எடுத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு எழுத்து அடிக்காமல் எழுதி, இரண்டு தரம் படித்துப் பார்த்து, என்னிடம் கொடுத்தார். "அண்ணனுக்கு இன்னும் கெட்ட பேர் வரக் கூடாது அண்ணி" என்றார்.

நீங்கள் கேட்ட இரண்டையும் தபாலில் சேர்த்துவிட்டேன். தம்பி எழுதியது ஒன்று, உங்கள் மார்ச் மாதக் கடிதம் ஒன்று. மேடத்துக்கு ஒரு கவர், உங்களுக்கு ஒரு கவர். இரண்டும் பள்ளிக்கூடத்துப் பழுப்புக் கவர். மேடத்துடையதை நேற்றே பதிவுத் தபாலில் போட்டேன், இது உங்களுக்குக் கிடைப்பதற்கு ஒரு நாள் முந்தியே அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

எதில் எதை வைத்தேன் என்று நான் திரும்பப் பார்க்கவில்லை. நிறம் ஒன்றுதானே.

உங்கள் பங்குக்கு வந்த தாளை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். கண்ணாடி தலையில் இருக்கும், எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

தங்கை


(அதே கவரில், நான்காக மடித்த தாள்)

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மார்ச் 13ஆம் தேதி முப்பது குழாய்களிலும் தவறான நிறமியை ஊற்றியது நான்தான். வேறு யாரும் காரணம் இல்லை. அண்ணியின் அண்ணன் அன்று என் குழாய்களைப் பார்த்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவரை எதுவும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எப்படி மாற்றி எடுத்தேன் என்று தாங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். லேபிளை இரண்டு தரம் படித்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.